‘ஜுவனைல்’ என்று யாரைச் சொல்கிறோம்?

“வழிப்பறி வழக்கில் ஜுவனைல் உள்பட நால்வர் கைது.” காலை நாளிதழில் இப்படி ஒரு வரியைப் படிக்கிறவர் யாரும் அகராதியைத் தேடிப் போவதில்லை. ‘ஜுவனைல்’ என்றால் போலீஸில் சிக்கிய பையன். ‘ஜுவனைல் ஹோம்’ என்றால் அவனை அடைத்துவைக்கும் இடம். ‘அவன் ஜுவனைல் கேஸ்’ என்று ஒரு ஆசிரியர் சொன்னால், இனி அந்த மாணவனுக்காக மெனக்கெட வேண்டாம் என்று அர்த்தம். ஆங்கிலம் படிக்காதவர்களும் இந்தச் சொல்லைச் சரளமாகப் புழங்குகிறார்கள். இளமை என்பதற்கு மேல் எதையும் குறிக்காத ஒரு சொல், நம் ஊரில் குற்றத்தின் மறுபெயராகிவிட்டது. இது எப்படி நடந்தது என்று தேடிப் போனால், ஏழைப் பிள்ளைகளை அதிகாரம் எந்தக் கண்ணால் பார்த்துவந்திருக்கிறது என்ற இருநூறு ஆண்டுக் கதை கிடைக்கிறது.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனின் ‘இயுவெனிஸ்’. நாம் யுவன், யுவதி, யுவராஜா என்று வழங்கும் சம்ஸ்கிருதச் சொற்களுக்கும் இதற்கும் ஒரே மூலம். ரோமானிய அறிஞர் வாரோ மனித ஆயுளைப் பிரித்தபோது, 30 வயதில் தொடங்கி 45 வயது வரை உள்ளவர்களைத்தான் இந்தச் சொல்லால் குறித்தார். அதாவது, குடும்பத்தையும் நாட்டையும் தோளில் சுமக்கும் வயது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அதற்கு ‘இளமைக்குரிய’ என்பதே பொருள்.

பல துறைகளில் இன்றும் அந்தப் பொருள் கெடாமல் இருக்கிறது. கூட்டை விட்டு வெளியே வந்து முதல் இறகுத் தொகுதியோடு பறக்கும் பறவையைப் பறவை நோக்கர்கள் ‘ஜுவனைல்’ என்று குறித்துக்கொள்கிறார்கள். கடல் ஆய்வாளர்கள் இனப்பெருக்க வயதை எட்டாத மீனை அப்படிச் சொல்கிறார்கள். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைவான மத்தியைப் பிடிக்கக் கூடாது என்ற விதி இந்த இளம் மீன்களைக் காப்பதற்காக வந்தது. பூச்சிகளின் உடலில் ‘ஜுவனைல் ஹார்மோன்’ என்று ஒன்று சுரக்கிறது. அது போதுமான அளவில் இருக்கும்வரை புழு புழுவாகவே வளரும். அது குறைந்த பிறகே கூட்டுப்புழுவாக மாறும். பட்டுப்புழு வளர்ப்பைப் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்கு இது பாலபாடம். அமெரிக்க நூலகங்களின் பட்டியலில் சிறுவர் இலக்கியத்துக்கு ‘ஜுவனைல்’ என்றுதான் தலைப்பு. ஒரு எழுத்தாளர் இளவயதில் எழுதிப் பார்த்தவற்றுக்கும் இதே வேரிலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள். ஜேன் ஆஸ்டின் பதின்வயதில் எழுதியவை அந்தப் பெயரில்தான் தொகுக்கப்பட்டிருக்கின்றன.

மருத்துவத்தில் நடந்ததைத் தனியே சொல்ல வேண்டும். முதல் வகை நீரிழிவு நோய் ஒரு காலத்தில் ‘ஜுவனைல் டயாபடீஸ்’ எனப்பட்டது. பெரியவர்களுக்கும் அது வரும் என்று தெரிந்த பிறகு, அந்தப் பெயரே ஆபத்தாகிவிட்டது. நாற்பது வயதில் ஒருவருக்கு அந்த நோய் வந்தால், வயதைப் பார்த்து இரண்டாம் வகை என்று முடிவுசெய்து, இன்சுலின் தர வேண்டியவருக்கு மாத்திரை தந்துவிடும் வாய்ப்பு இருந்தது. 1990களின் இறுதிக்குள் மருத்துவ உலகம் வயதைச் சொல்லும் பெயர்களைக் கைவிட்டது. 1970இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கான ஆய்வுக்கு நிதி திரட்டத் தொடங்கப்பட்ட அமைப்பு ஒன்று, உலகமே அறிந்த தன் பெயரிலிருந்து ‘ஜுவனைல்’ என்ற சொல்லை 2024இல் எடுத்துவிட்டது. ஒரு பெயர் நோயாளிக்குத் தீங்கு செய்கிறது என்று தெரிந்ததும் மருத்துவர்கள் அதை மாற்றிக்கொண்டார்கள். சட்டமும் காவல் துறையும் பத்திரிகைகளும் அவ்வளவு எளிதாக மாற்றிக்கொள்ளவில்லை.

இளமையும் குற்றமும் இந்தச் சொல்லில் ஒன்றாகப் பிணைக்கப்பட்ட இடம் லண்டன். நெப்போலியனுடனான போர் முடிந்த கையோடு, வேலையில்லாத் திண்டாட்டமும் பசியும் அந்த நகரத்தை வாட்டின. தெருக்களில் பிள்ளைகள் ரொட்டியும் கைக்குட்டையும் திருடினார்கள். தலைநகரில் ‘ஜுவனைல் டெலின்குவென்ஸி’ அச்சமூட்டும் அளவுக்குப் பெருகியதன் காரணங்களை ஆராய ஒரு குழு அமைந்து, 1816இல் அறிக்கை வெளியிட்டது. 1838இல் பார்க்ஹர்ஸ்டில் சிறுவர்களுக்கென்றே ஒரு சிறை திறந்தார்கள். 1847இல் இந்தச் சொல்லைப் பெயரிலேயே தாங்கிய ஒரு சட்டம் வந்தது. மேரி கார்பெண்டர் என்ற பெண்மணி, பிள்ளைகளைச் சிறையில் அடைப்பது கொடுமை என்று ஓயாமல் போராடியவர். ஆனால் 1851இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே ‘அழிந்துகொண்டிருக்கும் வர்க்கங்களின், அபாயகரமான வர்க்கங்களின் குழந்தைகள்’ என்ற தொடர் இருந்தது. எவ்வளவு நல்ல மனம்! ஆனால், ஏழை வீட்டுப் பிள்ளை பிறக்கும்போதே அபாயகரமான வர்க்கத்தில் பிறக்கிறான் என்ற எண்ணம் அந்த நல்ல மனதுக்குள்ளும் குடியிருந்தது.

அதே கார்பெண்டர் 1866இல் இந்தியாவுக்கு வந்தார், சென்னைக்கும் வந்தார். இங்குள்ள சிறைகளில் பெரியவர்களோடு பிள்ளைகள் அடைபட்டிருப்பதைக் கண்டு, சீர்திருத்தப் பள்ளிகள் வேண்டும் என்று வலியுறுத்தினார். சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் 1876இல் வந்தது. சென்னை மாகாணத்தில் அப்படி ஒரு பள்ளி 1880களில் செங்கல்பட்டில் தொடங்கப்பட்டது. ‘சீர்திருத்தப் பள்ளியில் சேர்த்துவிடுவேன்’ என்று அடங்காத பிள்ளையைப் பெற்றோர் மிரட்டும் வழக்கம் நம் ஊரில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது!

இந்த இடத்தில் இன்னொரு ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது ‘மைனர்’. சட்டத்தில் உரிய வயதை எட்டாதவர் என்பதைத் தவிர அதற்கும் வேறு பொருள் இல்லை. ஆனால் தமிழில் மைனர் என்றால் யார்? ஜிப்பாவும் கழுத்தில் புரளும் தங்கச் சங்கிலியுமாகத் திரியும் பணக்கார வாலிபன். ‘மைனர் செயின்’ இன்றும் நகைக்கடையில் கேட்டால் கிடைக்கும். ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவனாக இருந்தால், ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ என்ற அரசு அமைப்பு அந்தச் சொத்தை நிர்வகித்து, வாரிசைப் படிக்கவைத்தது. உழைக்க வேண்டிய தேவையில்லாத, வயது வந்ததும் பெருஞ்செல்வம் கைக்கு வரப்போகிற அந்தப் பையன்கள்தான் முதல் மைனர்கள். வயதைச் சொன்ன சொல், நாளடைவில் வசதியைச் சொல்லத் தொடங்கியது.

சென்னை தேனாம்பேட்டையில் இந்த வாரிசுகள் தங்கிப் படித்த நியூவிங்டன் மாளிகையை மக்கள் ‘மைனர் பங்களா’ என்றார்கள். 1919 அக்டோபரில் ஓர் இரவு, அதன் பொறுப்பாளரான ஆங்கிலேயர் தெ லா ஹே தூக்கத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். கடம்பூர் ஜமீன் வாரிசு மீது வழக்கு நடந்தது. சிங்கம்பட்டி ஜமீன் வாரிசு அப்ரூவராக மாறினார். வழக்கு சென்னையிலிருந்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது, பெரும் வழக்கறிஞர்கள் வாதாடினார்கள், குற்றம்சாட்டப்பட்டவர் விடுதலையானார். அந்த வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. அவர்களுக்குச் சட்டம் தந்த பாதுகாப்பு எல்லாருக்கும் தரப்பட வேண்டிய பாதுகாப்புதான். நான் கவனிப்பது, கொலை வழக்குக்குப் பிறகும் அந்த இளைஞர்கள் மைனர்களாகவே நினைவில் நின்றார்கள் என்பதை. அதே காலத்தில் செங்கல்பட்டுப் பள்ளியில் சில்லறைத் திருட்டுக்காக அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகளின் பெயரைச் சொல்ல யாரும் இல்லை.

மைனர் பங்களா வழக்கு பேசப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான், 1920இல், சென்னை மாகாணக் குழந்தைகள் சட்டம் நிறைவேறியது. இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் அது. வங்கம் 1922இலும் பம்பாய் 1924இலும் நம்மைப் பின்தொடர்ந்தன. பிள்ளைகளைப் பெரியவர்களோடு சேர்த்து விசாரிக்கக் கூடாது, சிறையில் தள்ளக் கூடாது என்ற கொள்கை இந்த மண்ணில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே சட்டமாகியிருக்கிறது. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய இந்தச் செய்தி எந்தப் பாடப் புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

உலகின் முதல் சிறார் நீதிமன்றம் 1899 ஜூலையில் சிகாகோவில் கூடியது. பெற்றோர் தவறவிட்ட பிள்ளைக்கு அரசே பெற்றோராக நிற்கும் என்பது அதன் தத்துவம். குற்றவாளி, தண்டனை என்ற சொற்களை அங்கு தவிர்த்தார்கள். ஆனால் இனிய சொற்களுக்குப் பின்னால் அதிகாரம் எப்படி ஒளிந்துகொள்ள முடியும் என்பதை ஜெரால்டு கால்ட் வழக்கு காட்டியது. 1964இல் அரிசோனாவில் 15 வயதுச் சிறுவனான அவர், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினார் என்று பிடிக்கப்பட்டார். பெற்றோர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அழைத்துப்போனார்கள். அவர்களுக்குத் தகவல்கூட வைக்கவில்லை. புகார் தந்தவர் விசாரணைக்கு வரவேயில்லை. வழக்கறிஞர் இல்லை. 21 வயதாகும்வரை அரசின் சீர்திருத்தப் பள்ளியில் வைக்க உத்தரவானது. இதையே ஒரு பெரியவர் செய்திருந்தால் 50 டாலர் வரை அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை, அவ்வளவுதான். 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிள்ளைகளுக்கும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையும் குற்றச்சாட்டை அறியும் உரிமையும் உண்டு என்று தீர்ப்பளித்தது. சொல்லை மாற்றினால் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படிக்க வேண்டும். சொல்லும் மாற வேண்டும், நடைமுறையும் மாற வேண்டும்.

சுதந்திர இந்தியாவில் இந்தச் சொல் பட்ட பாட்டைச் சட்டப் புத்தகங்களிலேயே பின்தொடரலாம். மத்திய ஆட்சிப் பகுதிகளுக்கான 1960ஆம் ஆண்டுச் சட்டம் ‘குழந்தை’ என்றே பேசியது. மும்பைப் பத்திரிகையாளர் ஷீலா பார்ஸே, சிறைகளில் வாடும் பிள்ளைகளுக்காக உச்ச நீதிமன்றம் போனார். நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் தேவை என்ற குரல் அந்த வழக்கில் வலுத்தது. 1986இல் வந்த சட்டத்தில்தான் ‘ஜுவனைல்’ தலைப்பில் ஏறி உட்கார்ந்தது. ‘டெலின்குவென்ட் ஜுவனைல்’, அதாவது நெறி தவறிய சிறார், என்று அது பிள்ளைகளைக் குறித்தது. ஆண் பிள்ளைக்கு 16 வயது, பெண் பிள்ளைக்கு 18 வயது என்று வரம்பு வைத்தது. 18 வயது நிறையாத எவரும் குழந்தையே என்று சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992இல் இந்தியா ஏற்றது. அதன் பிறகு, 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் 18 என்றது. ‘டெலின்குவென்ட்’ என்பதை நீக்கி, ‘சட்டத்துடன் முரண்பட்ட ஜுவனைல்’ என்றது. பையனைக் கெட்டவன் என்று சொல்லவில்லை. அவனுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு முரண்பாடு இருக்கிறது என்று மட்டும் சொன்னது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு படி மேலே போய், ‘சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை’ என்று எழுதியது. சட்டத்தின் தலைப்பில் இன்னும் ‘ஜுவனைல்’ இருக்கிறது. ஆனால் பிள்ளையைக் குறிக்கும் இடங்களில் ‘குழந்தை’ வந்துவிட்டது. இங்கிலாந்து இதற்கு முன்பே, 1990களின் தொடக்கத்தில், தன் ஜுவனைல் நீதிமன்றங்களின் பெயரை இளையோர் நீதிமன்றங்கள் என்று மாற்றிக்கொண்டது. கனடா 1984இலேயே அந்தச் சொல்லை விட்டது. ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழுவும் 2019இல் ‘குழந்தை நீதி’ என்ற சொல்லாட்சிக்கு மாறிவிட்டது.

ஒரு முரணையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். சட்டம் சொல்லில் கனிந்த அதே 2015இல், பொருளில் இறுகியது. காரணம் 2012 டிசம்பர் டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கு. அந்தக் கொடூரத்தில் ஈடுபட்ட அறுவரில் ஒருவருக்கு 18 வயது நிறையச் சில மாதங்கள் பாக்கி இருந்தன. பெயர் வெளியிடக் கூடாது என்பதால் தொலைக்காட்சிகள் அவரை ‘த ஜுவனைல்’ என்றன. ஒரு வயதுப் பிரிவு முழுவதையும் குறிக்கும் சொல் ஒற்றை மனிதரின் பெயராயிற்று. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அது ஒலித்தது. இந்தியாவின் மூலைமுடுக்குகளில் இந்தச் சொல் பச்சை குத்தியதுபோலப் பதிந்தது அப்போதுதான் என்பது என் கணிப்பு. மூன்று ஆண்டுகள் முடிந்து 2015 டிசம்பரில் அவர் வெளிவந்த சில நாட்களில், மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. குறைந்தபட்சம் ஏழு ஆண்டு தண்டனைக்குரிய கொடுங்குற்றங்களில் 16 முதல் 18 வயதுக்குள் உள்ளவர்களை, அவர்களின் மனநிலையையும் சூழலையும் மதிப்பிட்ட பிறகு, பெரியவர்களைப் போல விசாரிக்கலாம் என்று அது வழி திறந்தது.

ஆனால் அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில், பொதுக் கோட்பாடுகளின் வரிசையில், எட்டாவதாக ஒன்று இருக்கிறது. ஒரு குழந்தை தொடர்பான நடவடிக்கைகளில் பகைமை காட்டும், குற்றம்சாட்டும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது அது. சொற்களால் இழிவு சேர்க்காதே என்று ஒரு நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது. காவல் நிலையங்களும் பள்ளிகளும் செய்தி அறைகளும் அதை மாட்டிவைத்தால் நன்றாக இருக்கும். 74ஆம் பிரிவு, பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் வேறு எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நடைமுறையில் என்ன செய்கிறோம்? ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘17 வயது ஜுவனைல்’ என்று பெயர் மறைக்கப்பட்டிருக்கும். அடுத்த வரியில் ஊரின் பெயர், நகரின் பெயர், எத்தனையாவது தெரு என்பது வரை இருக்கும். ‘அங்குள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் 11ஆம் வகுப்பு படிக்கிறார், தந்தை ஆட்டோ ஓட்டுநர்’ என்று தொடரும். கூட வந்த மூன்று பெரியவர்களின் முழுப் பெயரும் இருக்கும். முகத்தில் துண்டு போர்த்திய ஒரு படம். அந்தத் தெருவில் குடியிருக்கிற யாருக்கு இனிமேல் பெயர் வேண்டும்? சட்டம் பெயரை மட்டும் மறைக்கச் சொல்லவில்லை. இதை எழுதியவர் கெட்டவர் அல்ல. காவல் துறையிலிருந்து வந்த குறிப்பை அவசரமாகத் தட்டச்சு செய்திருக்கிறார். இணையச் செய்தியாக அது பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் தேடினால் கிடைக்கும் என்பதை அந்த நேரத்தில் அவர் நினைத்துப் பார்ப்பதில்லை.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் இளைஞர் நீதிக் குழுமம் கூடும் கட்டிடத்தின் வராண்டாவில் ஒரு தாயோடு பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சாதாரண மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். உயரமான மேடையோ சாட்சிக் கூண்டோ அங்கு இருக்கக் கூடாது என்பது விதி. பிள்ளை மிரளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அந்தத் தாய்க்கு மகன் என்ன ஆவான் என்ற கவலையோடு இன்னொரு கவலையும் இருந்தது. “சார், பேப்பர்ல வந்துருமா? பொண்ணு பத்தாவது படிக்குது. ஸ்கூல்ல அதை ‘ஜுவனைல் தங்கச்சி’ங்கிறாங்களாம்” என்றார். தண்டனை இன்னும் முடிவாகவில்லை, விசாரணையே தொடங்கவில்லை. அதற்குள் அந்தப் பெயர் தங்கை வரை போயிருந்தது. 18 வயது வரை எந்தப் பிள்ளையும் தீய எண்ணம் இல்லாதவராகவே கருதப்பட வேண்டும் என்பது அதே 3ஆம் பிரிவின் முதல் கோட்பாடு. அது அந்த வராண்டாவைத் தாண்டி வெளியே வரவில்லை.

பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்தை மறந்துவிட்டுப் பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், 12ஆம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள், உடன் படித்த மாணவர்கள். அந்த வெட்டுக் காயங்களைப் பார்த்த எவரும் ‘சின்னப் பையன்கள், விட்டுவிடுங்கள்’ என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. செய்த செயலுக்குப் பொறுப்பேற்க வைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கொடுமைக்குப் பெயர் சாதிவெறி. அதைச் செய்தவர்களை ‘ஜுவனைல்கள்’ என்று எழுதியபோது, சாதியை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த வீடும் தெருவும் கையில் சாதிக் கயிறு கட்டிவிட்டவர்களும் பார்வையிலிருந்து நழுவிப்போனார்கள். செயலுக்கு உரிய பெயரைச் சொல்லுங்கள்: கொலை முயற்சி என்றால் கொலை முயற்சி, சாதிய வன்முறை என்றால் சாதிய வன்முறை. வயதைக் குற்றத்தின் பெயராக்காதீர்கள் என்பதுதான் வேண்டுகோள். பாதிக்கப்பட்டவருக்கும் அதுவே நியாயம்.

அந்தப் பெயர் ஒட்டப்பட்ட பிள்ளையின் உயிருக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் பார்த்துவிட்டோம். 2022 டிசம்பர் இறுதியில், திருட்டு வழக்கில் செங்கல்பட்டில் உள்ள அரசு சிறார் இல்லத்துக்குக் கொண்டுவரப்பட்ட 17 வயதுச் சிறுவன் அங்கே இறந்தான். அடித்ததால் நேர்ந்த மரணம் என்று வழக்குப் பதிவாகி, இல்லத்தின் ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அவனைக் காக்க வேண்டிய பொறுப்பு அரசுக்கு இருந்தது. தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்து, இந்த இல்லங்களின் நிலையை ஆராயச் சொன்னது. 2023இல் அவர் அறிக்கை தந்தார். நாங்குநேரிக்குப் பிறகு, மாணவர்களிடையே சாதிப் பிரிவினையைக் களைய வழி சொல்லும் பொறுப்பும் அவரிடமே தரப்பட்டது. 2024இல் அந்த அறிக்கையும் வந்தது. இரண்டு அறிக்கைகளையும் சேர்த்துப் படித்தால்தான் நம் பிள்ளைகளைப் பற்றிய முழுச் சித்திரம் கிடைக்கும். இரண்டின் மீதும் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளை அரசு மக்கள் முன் வைக்க வேண்டும்.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சம் இல்லை. தொல்காப்பியத்தின் மரபியல் இளமைக்கு உரிய பெயர்களையே தனியாகத் தொகுத்துத் தருகிறது. குட்டி, கன்று, குருளை, பறழ், மறி, பிள்ளை என்று நீள்கிறது அந்த வரிசை. தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்றும் அணிலை அணிற்பிள்ளை என்றும் சொல்கிறவர்கள் நாம். அரசு ஆவணங்களில் ‘அப்சர்வேஷன் ஹோம்’ என்பதைக் ‘கூர்நோக்கு இல்லம்’ என்று யாரோ பெயர்த்திருக்கிறார்கள். அருமையான சொல். பையனை அடைத்துவைக்கும் இடம் என்று அது சொல்லவில்லை. அவனைக் கூர்ந்து கவனிக்கும் இடம் என்கிறது. ‘சிறார்’ என்ற சொல்லும் நன்றாகவே இருந்தது. ‘சிறார் குற்றவாளி’ என்று சேர்த்தெழுதிச் சேர்த்தெழுதி அதையும் கறைப்படுத்திக்கொண்டிருக்கிறோம். விசாரணை முடியாத ஒருவரைக் குற்றவாளி என்று எழுதக் கூடாது என்பது, பெரியவர்கள் விஷயத்தில் இதழியல் முதல் வகுப்பில் சொல்லித்தரும் பாடம். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அது ஏன் மறந்துபோகிறது?

கைதான செய்தியோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. பிறகு அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்று யாரும் எழுதுவதில்லை. கட்டளைக் காலம் முடிந்து வெளியே வரும் பிள்ளைக்குப் புதிய தொடக்கம் உண்டு, சிறப்புச் சூழல்களில் தவிர, பழைய பதிவுகள் அழிக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மத்திய தொழில் பாதுகாப்புப் படை வேலை தொடர்பான ஒரு வழக்கில், சிறுவயது வழக்கைக் காரணம் காட்டி வேலை மறுக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஐ.டி.ஐ. படிப்பு முடித்து வேலைக்கு மனுப் போடும் இளைஞனின் காவல் சரிபார்ப்பின்போது, ‘இவன் பழைய ஜுவனைல்’ என்று ஒருவர் வாய்மொழியாகச் சொன்னால் போதும், சட்டம் அழித்த பதிவு உயிர்த்துவிடும். காகிதத்தை அழிக்க உத்தரவிட நீதிமன்றத்தால் முடியும். ஊர் வாயை அடைக்க முடியாது. அதனால்தான் இந்தச் சொல்லின் மீது இவ்வளவு கவனம் வேண்டும் என்கிறேன்.

பத்திரிகை ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ‘ஜுவனைல்’, ‘இளம் குற்றவாளி’, ‘சிறார் குற்றவாளி’ ஆகிய மூன்றையும் செய்திகளில் தவிர்க்கச் சொல்லுங்கள். ‘17 வயதுச் சிறுவர்’ என்று எழுதினால் செய்தி எதையும் இழக்காது. தெரு, பள்ளி, வகுப்பு, பெற்றோரின் தொழில், துண்டு போர்த்திய படம் எதுவும் வேண்டாம். காவல் துறை தரும் குறிப்பில் அவை இருந்தால், அச்சேறும் முன் நீக்குவது ஆசிரியர் குழுவின் பொறுப்பு. காவல் உயரதிகாரிகள் தங்கள் நிலையங்களிலிருந்து போகும் குறிப்புகளில் 74ஆம் பிரிவு மதிக்கப்படுகிறதா என்று பார்க்கட்டும். கூர்நோக்கு இல்லத்திலிருந்து திரும்பி வகுப்பறைக்கு வரும் மாணவனை ஆசிரியர்கள் அவன் பெயர் சொல்லி அழைக்கட்டும். அவனுக்கு அவனுடைய அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது.